சூரை மீனில் உப்புக்கண்டம் – ஒரு சிறுதொழில் பாடம்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவி)



"டிப்ளமோ முடிச்சிட்டு என்ன செய்யப் போற?" இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு இல்லை. ஓசூர், ஒரகடம் என்று வேலைக்குப் போகிறவர்கள் போகட்டும். நல்லதுதான். ஆனால் ஊரிலேயே இருந்து, கையில் இருக்கிற பொருளை வைத்து ஒரு தொழில் செய்ய முடியுமா என்று யோசிப்பவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை. இதில் வெற்றிக் கதை ஏதும் இல்லை. கணக்கு இருக்கிறது. ஒரு பெரிய தவறும் இருக்கிறது. அந்தத் தவறைச் செய்தவள் நான்.

எங்கள் வீடு தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில். அம்மாவும் சித்தியும் கருவாடு போட்டு விற்பவர்கள். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் தோழிக்குக் காரைக்குடிப் பக்கம். கோயில் கிடாவெட்டு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு டப்பா உப்புக்கண்டம் கொண்டு வருவாள். ஆட்டுக்கறியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு தடவி, நூலில் கோத்து வெயிலில் கொடி கட்டிக் காயவைப்பது. சில ஊர்களில் இதற்குக் கொடிக்கறி என்றே பெயர். எண்ணெயில் பொரித்து ரசம் சோற்றுக்கு வைத்துக்கொண்டால் டப்பா அன்றைக்கே காலி. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது: ஆட்டுக்கறி விற்கிற விலையில் இதை யார் வாங்குவது? இதையே எங்கள் ஊர்ச் சூரை மீனில் செய்தால் என்ன?

இது புது யோசனை அல்ல

உலகத்தில் பல ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் பார்பாத்தே என்ற ஊரில் 'மொஹாமா' என்று ஒன்று செய்கிறார்கள். பெரிய சூரையின் முதுகுச் சதையை உப்பில் புதைத்து, கழுவி, காற்றில் வாரக்கணக்கில் உலர்த்துவது. பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்தும் நாட்டில் அதற்கு ஈடான கடல் பொருள் அது. பெயர் அரபு மொழியிலிருந்து வந்ததாம். இத்தாலியிலும் ஜப்பானிலும் மடவை மீனின் சினையை உப்பிட்டு அழுத்திக் காயவைத்து, மெல்லிய துண்டுகளாகச் சீவித் தின்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் ஜோஷ் நைலண்ட் என்ற சமையற்காரர் 2016-ல் ஓர் உணவகம் தொடங்கி, கறிக்கடையில் ஆட்டையும் மாட்டையும் பயன்படுத்துவதுபோல் மீனையும் தலை முதல் வால் வரை பயன்படுத்தலாம் என்று காட்டினார். மீனிலேயே பேகன், சாசேஜ் எல்லாம் செய்தார். 2019-ல் வந்த அவருடைய புத்தகம் மறு ஆண்டு அமெரிக்காவில் பெரிய பரிசு வாங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குத் தெரிந்த மாசிக் கருவாடு என்ன? மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் சூரையை உப்பு நீரில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் கட்டை மாதிரி காயவைப்பதுதானே. இலங்கையில் மாசி இல்லாமல் சம்பல் உண்டா? ஆகவே சூரைக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. நான் செய்ய நினைத்தது, அந்த உறவுக்குள் செட்டிநாட்டு மசாலாவைக் கொண்டுவருவது. அவ்வளவே.

ஆட்டுக்கறியும் மீனும் ஒன்றல்ல

முதல் பாடம் இதுதான். கறியில் செய்வதை அப்படியே மீனில் செய்தால் சரிவராது. ஆட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் சாதாரண வெப்பத்தில் உறைந்து நிற்கும். மீன் எண்ணெய் உறையாது. அதோடு காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். எனவே கொழுப்பு மிகுந்த சாளையை விட்டுவிட்டு, கொழுப்புக் குறைந்த சூரையின் முதுகுச் சதையை எடுக்க வேண்டும். அதிலும் நடுவில் ஓடுகிற கருஞ்சதையை நீக்கிவிட வேண்டும். அதில் இரும்புச் சத்து அதிகம். அந்த இரும்பே எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும். (கருஞ்சதை வீணாகாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அதுதான் புட்டு.)

மீன் சதையை ஆட்டுச் சதையோடு ஒட்டவைத்துப் பிடிக்கும் கொலாஜன் குறைவு. குறைந்த சூட்டிலேயே அது இளகியும் விடும். அதனால்தான் மீன் வெந்ததும் இதழ் இதழாகப் பிரிகிறது. நூலில் கோத்துத் தொங்கவிட்டால் பாதி கீழே விழும். நாங்கள் முதல் நாளே அனுபவித்தோம், காக்கைகளுக்கு நல்ல நாள். அதற்கப்புறம் கொடியை விட்டு வலைத்தட்டுக்கு மாறினோம்.

சாசேஜ், பேகன் பக்கம் நான் போகவில்லை. அதற்குக் குளிர்சாதனச் சங்கிலி கடை வரைக்கும் வேண்டும். நம் முதலுக்கு அது கட்டாது. இன்னொரு விஷயம்: பன்றிக்கறி பதனிடுவோர் நிறத்துக்காகவும் கிருமிக்காகவும் நைட்ரைட் உப்பு சேர்ப்பார்கள். மீன் கெடும்போது உண்டாகும் அமீன்களோடு நைட்ரைட் சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன் உருவாக வாய்ப்பு உண்டு. யாராவது "கலர் நல்லா வரும்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

நான் செய்த தவறு

முதல் முறை ஐந்து கிலோ. நன்றாக வந்தது. சித்தியின் மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். "படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆச்சி வேறு சொல்லிவிட்டார்.

இரண்டாம் முறை நான் ஒரு 'சிக்கனம்' கண்டுபிடித்தேன். காலை ஏலத்தில் ஐஸ் போட்ட சூரை என்ன விலை, மதியம் மூன்று மணிக்கு ஏலக்கூடத்து ஓரத்தில் மீந்து கிடக்கும் சூரை என்ன விலை என்று பார்த்தால் பாதிக்குப் பாதி வித்தியாசம். மதியச் சூரையை வாங்கச் சொன்னேன். அம்மா மோந்து பார்த்தார். "நாத்தம் ஒன்னும் இல்ல, ஆனா வெயில்ல கெடந்த மீனுட்டி" என்றார். "உப்புல எல்லாக் கிருமியும் செத்துரும்மா, அதோட எண்ணெயில வேற பொரிக்கோம்" என்றேன். நான் சொன்னதால் அம்மா மேற்கொண்டு பேசவில்லை.

காய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னோம். அரைமணி நேரத்தில் சித்தி மகன் முகமெல்லாம் சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அழுதான். எட்டு வயதுப் பையன். அடுத்து பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலைவலி, படபடப்பு. மொத்தம் நாலு பேர். டாக்டர் அலர்ஜி மாத்திரை கொடுத்தார், ராத்திரிக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. மிச்சம் இருந்த ஐந்து கிலோவையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழுவில் இரண்டு பேர் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டு விலகிக்கொண்டார்கள்.

மீன் பதனம் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பிடிச்சதுல இருந்து எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாம இருந்துச்சு?" அப்புறம் சொன்னார்.

சூரை, நெய்மீன், அயலை, சாளை, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும. நம் உடம்பே அலர்ஜி வரும்போது சுரப்பது ஹிஸ்டமின்தான். அதனால்தான் அலர்ஜி மாதிரியே முகச் சிவப்பு, அரிப்பு, தலைவலி வருகிறது. கொடுமை என்னவென்றால், பாக்டீரியாவை உப்பு நிறுத்தலாம், சூடு கொல்லலாம். ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமினை உப்பும் ஒன்றும் செய்யாது, கொதிக்கும் எண்ணெயும் ஒன்றும் செய்யாது, ஃப்ரீசரும் ஒன்றும் செய்யாது. நாற்றம் வராமலேகூட அது இருக்கும். ஒரே வழி, பிடித்தது முதல் மீனை 4 டிகிரி சென்டிகிரேடுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது. அதாவது மீன் கனத்துக்குச் சமமாக ஐஸ்.

"நாங்க எத்தனை வருஷமா கருவாடு போடுதோம், இப்படி ஆனதில்லையே" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அம்மாவே சொன்னார்: "நாம எப்பவும் கரை ஏறுன உடனே உப்புப் போட்டுருவோம்லா." அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காரணம்தான் தெரியாது. எனக்குக் காரணம் தெரிந்ததாக நினைப்பு, விஷயம் தெரியாது.

தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு?

இனி கணக்குக்கு வருவோம். இதுதான் நமக்குப் பழக்கமான இடம்.

உணவு கெடாமல் இருப்பதற்கு அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, கிருமிக்கு எட்டும்படியாக எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். இதற்கு 'நீர்ச் செயல்பாடு' என்று ஓர் அளவு உண்டு. சுத்தமான தண்ணீருக்கு 1. நூறு கிராம் உப்புநீரில் 10 கிராம் உப்பு இருந்தால் ஏறக்குறைய 0.94. 20 கிராம் இருந்தால் சுமார் 0.84. இதற்குமேல் கரையாது என்கிற நிறைகரைசலில் 0.75. உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்களில் மிகவும் தாக்குப்பிடிப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ். அதுவும் 0.85-க்குக் கீழே நஞ்சு சுரப்பதில்லை. ஆகவே வெளியில் வைத்து விற்கும் பொருளுக்கு 0.85 என்பது எல்லைக்கோடு.

இதை அளக்கும் கருவி நம் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆனால் தராசு இருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

10 கிலோ சூரைச் சதை எடுத்துக்கொள்வோம். இதில் ஏறத்தாழ 7.3 கிலோ தண்ணீர், 2.7 கிலோ திடப்பொருள். 1 கிலோ உப்பைத் தடவி, மூடி, ஐஸ் பெட்டிக்குள் ஒரு ராத்திரி வைக்கிறோம். காலையில் அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரையும் கரையாமல் கிடக்கும் உப்பையும் சேர்த்து அடுப்பில் வற்றவைத்து எடை போட்டேன். 500 கிராம். அப்படியானால் மீனுக்குள் போனது 500 கிராம். (வற்றிய உப்போடு கொஞ்சம் மீன் புரதமும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் உள்ளே போன உப்பு நம் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். தவறு நமக்குப் பாதுகாப்பான பக்கம்.)

இப்போது காயாத பொருள் என்று பார்த்தால் 2.7 + 0.5 = 3.2 கிலோ. இது மாறாது. மீதி குறைவதெல்லாம் தண்ணீர் மட்டும். தட்டு எடை 5.3 கிலோவுக்கு வரும்போது உள்ளே தண்ணீர் 2.1 கிலோ. உப்பு 0.5-ஐ, உப்பும் தண்ணீரும் சேர்ந்த 2.6-ஆல் வகுத்தால் 19 சதவீதம். நீர்ச் செயல்பாடு ஏறக்குறைய 0.85, அதாவது கோட்டின்மேல் நிற்கிறோம். இன்னும் காயவைத்து 5 கிலோவுக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் 1.8. உப்பு கிட்டத்தட்ட 22 சதவீதம். நீர்ச் செயல்பாடு 0.82 அளவுக்கு வந்துவிடும். ஆகவே எங்கள் விதி: பத்து கிலோ ஐந்து கிலோ ஆகும்வரை தட்டை எடுக்கக் கூடாது. மசாலாத்தூள் 200 கிராம் சேர்த்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரு துண்டு தடிமனாக இருந்தால் அதன் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும், தராசு காட்டாது. உப்பு உள்ளே போவதற்கும் தண்ணீர் வெளியே வருவதற்கும் ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. ஆகவே எல்லாத் துண்டும் ஒரு சென்டிமீட்டர். சித்திக்கு இது பிடிக்கவில்லை. "ஸ்கேல் வச்சா மீன் அறுப்பாவ?" என்று சிரித்தார். இப்போது அரிவாள்மனைப் பலகையில் நானே கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி நீர்ச் செயல்பாடும் ஹிஸ்டமினும் பார்த்துக்கொள்வது அவசியம். நம் தராசுக் கணக்கு சரிதானா என்று அதில்தான் தெரியும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பளத்திலிருந்து நேரே வரும் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். அவை உப்பு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், லேசான கசப்பும் தரும். அதோடு உப்பிலேயே வாழும் சிவப்புக் கிருமிகளும் வரும். கருவாட்டில் சில சமயம் ரோஸ் நிறம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். எனவே சுத்திகரித்த உப்பே நல்லது. தூத்துக்குடிக்காரியே தூத்துக்குடி உப்பைக் குறை சொல்கிறாளே என்று கோபப்படாதீர்கள். சுத்திகரித்ததும் தூத்துக்குடியிலேயே கிடைக்கிறது.

பச்சைப் பூண்டு விழுதும் கூடாது; அது ஈரத்தைத் திரும்பக் கொண்டுவரும். காய்ந்த பூண்டுத் தூள் மட்டும். இதில்தான் வீட்டில் பெரிய சண்டை. "வாசமே இல்ல" என்கிறார்கள். உண்மைதான், வாசம் குறைவுதான்.

உலர்த்தி

வெயில் இருக்கிறதே, உலர்த்தி எதற்கு? ஈ, மணல், நாய், திடீர் மழை. இவற்றுக்கும் மேலாகக் கடற்கரைக் காற்றின் ஈரம். குளிர்பதனப் பாடத்தில் வரும் சைக்ரோமெட்ரிக் சார்ட் ஞாபகம் இருக்கிறதா? தேர்வுக்குப் பிறகு நான் அதைத் தேடி எடுத்தது இதற்காகத்தான். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்து 45 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீரை எடுக்காமலேயே அதன் ஈரப்பதம் 35 சதவீதமாக இறங்கிவிடும். தாகம் எடுத்த காற்று அது.

45-க்கு மேலே போகக் கூடாது. அவசரப்பட்டு 60 வைத்தால் மீன் வேகத் தொடங்கும். அதோடு மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? கேஸ் ஹார்டனிங்! நம் ஒர்க்‌ஷாப்பில் எஃகுக்கு வேண்டுமென்றே செய்வது மீனுக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கள் உலர்த்தி பழைய இரும்பு பீரோ. உள்ளே ஆறு தட்டு, தட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. (தகர வலை போட்டால் உப்பு இரண்டு வாரத்தில் தின்றுவிடும், பட்டுத் தெரிந்துகொண்டோம்.) அடியில் ஹீட்டர், ஒரு காற்றாடி, ஒரு தெர்மோஸ்டாட், மேலே வலை அடித்த துவாரம். உப்பில் வைக்கும்போதே சுமார் இரண்டு கிலோ தண்ணீர் வெளியேறிவிடும். மீதி ஏறத்தாழ மூன்றரை கிலோவை ஆவியாக்க, கிலோவுக்கு 2400 கிலோஜூல் என்று போட்டால் 8400 கிலோஜூல், அதாவது 2.3 யூனிட். பீரோவில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படுகிறது என்று வைத்தாலும் 7 யூனிட் போதும். பகலில் வெயிலில் சூடான காற்றை உள்ளே விட்டால் இன்னும் குறையும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய ஒளியும் மின்சாரமும் சேர்ந்து இயங்கும் உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

பாக்கெட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. காற்றை உறிஞ்சிய பாக்கெட் பார்க்க அழகு, சிக்கு வாடையும் வராது. ஆனால் காற்று இல்லாத இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் கொடிய கிருமி வளரும். மீனில் வரும் அதன் ஒரு வகை, ஃப்ரிட்ஜ் குளிரில்கூட மெதுவாக வளரக்கூடியது. சரியாகக் காய்ந்து உப்பு ஏறிய பொருளில் அதனால் வளர முடியாது. அரைகுறையாகக் காய்ந்ததை மட்டும் எக்காரணம் கொண்டும் காற்றுறிஞ்சிய பாக்கெட்டில் போடாதீர்கள்.

வரவு செலவு

விலை நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஓர் உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சூரை 20 கிலோ, கிலோ 140 ரூபாய் என்றால் 2800. தலை, குடல், முள், தோல், கருஞ்சதை போகப் பாதி நிற்கும். ஐஸ் 200. உப்பு, மசாலா 350. இரண்டு பேர் கூலி 800. (அம்மாவும் சித்தியும்தான் செய்கிறார்கள். ஆனாலும் கூலி போட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் 'லாபம்' காட்டுகிற தொழில் பல உண்டு.) மின்சாரம் 60. பாக்கெட், லேபிள் 300. பரிசோதனைக்கு ஒதுக்குவது 300. போக்குவரத்து, இதர 400. மொத்தம் 5210.

உடைந்தது, ருசி பார்த்தது போக 100 கிராம் பாக்கெட் 50. ஒன்றின் அடக்கம் 104 ரூபாய். விற்பனை விலை 150 என்று வைப்போம். கடைக்காரருக்கு 25 சதவீதம் கொடுத்தால் நமக்கு வருவது 112.50, லாபம் எட்டு ரூபாய்தான். நேரில் விற்றால் 46 ரூபாய். 50 பாக்கெட்டுக்கு 2300. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆரம்பத்தில் கடைக்குப் போடாமல் நேரில் விற்க வேண்டும். அடுத்து, ஒரு தடவை சரக்கு கெட்டுப் புதைத்தால், இரண்டு தடவை நல்ல சரக்கு விற்ற லாபம் அதோடு போகும். மதிய மீனில் நான் மிச்சம் பிடிக்க நினைத்தது ஆயிரத்து நானூறு ரூபாய்.

மீன் கிடைக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது விசைப்படகு மீன் இல்லை. மீன் வருகிற ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லை. கடவுளின் கணக்கு அப்படி. அதற்கும் சேர்த்துத்தான் பீரோ.

சட்டப்படி செய்ய வேண்டியவை

வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். 2011-ல் வந்த விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் வரையிலான சிறு தொழிலுக்குச் சாதாரணப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வகுத்தன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வரம்பை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, பேட்ச் எண், பதிவு எண், அசைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். 2020 விதிப்படி அசைவக் குறி சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய வட்டத்தை அச்சடித்துவிடாதீர்கள். 'இதில் மீன் உள்ளது' என்று ஒவ்வாமை அறிவிப்பும் வேண்டும். பெயரிலும் 'சூரை உப்புக்கண்டம்' என்று தெளிவாகப் போட வேண்டும். உப்புக்கண்டம் என்றால் ஆட்டுக்கறி என்று நினைத்து வாங்குபவரை ஏமாற்றக் கூடாது.

பணத்துக்கு, 2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டால் அன்றைய நிலவரம் சொல்வார்கள். பயிற்சிக்குத் தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள். நான் அங்கெல்லாம் முதலிலேயே போயிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரர்களிடம் பேசக் கூச்சம், அவ்வளவுதான் காரணம்.

குழுவில் இப்போது சித்தியையும் சேர்த்து மூன்று பேர். ஐஸ் பெட்டி ஒன்றும், மீனுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். 4 டிகிரிக்கு மேல் ரொம்ப நேரம் கிடந்ததாகத் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. கரை ஏறியதும் படகுக்காரரிடமே நேரில் வாங்குகிறோம். பிடித்த நேரத்தை அம்மா கேட்டு, சிலேட்டில் எழுதிவைக்கிறார். சரக்கு காய்ந்ததும் முதலில் நான் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சித்தி போட்ட விதி. அறிவியல்படி அது போதுமான சோதனை இல்லை, பரிசோதனைக் கூடத்து அறிக்கை வந்த பிறகுதான் விற்பனை என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் இருக்கட்டும்ட்டி" என்றுவிட்டார். போன மாதம் எட்டுக் கிலோச் சதை போட்டோம். அறிக்கை நல்லபடியாக வந்தது. சித்தி மகன் மட்டும் இன்னும் தொட மாட்டேன் என்கிறான்.